முன்னால் போவது தெரிகிறதா?

மார்ச் 3
பளிச்சென்ற வெயில். தரையிறங்க வரும் விமானங்களுக்கு வழி சொல்லும் எங்களுக்கு இப்படிப்பட்ட நாள் கொண்டாட்டம். "முன்னாடி போற விமானம் தெரியுதா?" என்று கேட்பேன். விமானி "தெரியுது" என்றுவிட்டால், கண்ணால் பார்த்தே இறங்க அனுமதி. அதன்பிறகு இடைவெளி அவர் பொறுப்பு. என் தலை தப்பியது. இன்று நூறு பேரிடமாவது பேசியிருப்பேன். வீட்டில் பேச ஆளில்லை.

மார்ச் 8
முன்னால் போவது தெரிகிறதா என்று ஒரு விமானியிடம் மூன்று தடவை கேட்டேன். இரண்டு முறை "தேடறேன்" என்றார். மூன்றாவது முறை, "தெரியுது." அனுமதித்தேன். அவர் பார்த்ததோ பக்கத்து ஓடுபாதைக்குப் போன வேறொரு விமானத்தை! முன்னால் போனதை நெருங்கிக்கொண்டே வந்தார். "மேல போங்க, உடனே மேல போங்க!" என்று கத்தினேன். போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 9
அக்கா போனில், "என்னடி, குரலே சரியில்ல?" என்றாள். சளி என்றேன்.

மார்ச் 14
விசாரணை. ஒலிப்பதிவைக் கேட்டார்கள். விதிப்படி தப்பு விமானி மேல்தான், வேலையே போகலாமாம். என் வாக்குமூலத்தை நாளை எழுதித் தர வேண்டும். மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதும்மா. வம்பை விலைக்கு வாங்காத" என்றார்.

அந்த இன்னொரு விமானத்தை நான் திரையில் பார்த்தேனே! அவர் குழம்பக்கூடும் என்றும் தோன்றியது. சொல்ல ஐந்து நொடி ஆகியிருக்கும். பின்னால் விமானங்கள் வரிசையாகக் காத்திருந்தன — விட்டுவிட்டேன். மனதில் தோன்றியது எந்த ஒலிப்பதிவில் இருக்கும்? நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே, போதாதா?

மார்ச் 15
அந்த ஐந்து நொடியையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு அறையில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 2
அந்த விமானியை மறுபடி பறக்க விட்டார்களாம். எனக்கு ஆறு வாரம் மறுபயிற்சி. புதிதாகச் சேர்ந்தவர்களோடு கடைசி பெஞ்சு. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "பைத்தியக்காரி, அன்னிக்கே சொல்லக்கூடாதா?" என்று திட்டினாள். திட்டவாவது ஒருத்தி இருக்கிறாள்.

மே 20
மறுபடி என் இருக்கை. மதியம் அதே விமானியின் குரல். முன்னால் போவதைப் பற்றிக் கேட்டேன். பக்கத்தில் இன்னொன்று போவதையும் சொன்னேன்.

"தெரியல" என்றார்.

பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். நான் திரும்பக் கேட்கவில்லை.

"பரவாயில்ல. கருவியை வச்சே இறங்குங்க. இடைவெளியை நான் பாத்துக்கறேன்."