ஆணியில் தொங்கிய முகமூடி

அன்பு மகளுக்கு,

நீயும் அவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், நிறையத் தூங்குகிறார், தூங்காத நேரத்தில் என்னை முறைக்கிறார். ஏன் முறைக்கிறார் என்பதற்குத்தான் வருகிறேன். போனில் சொல்ல வாய் வராமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மழுப்பிவிட்டேன். கீழே மாமாவின் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்த பாட்டுக்காரர் இறந்துவிட்டார். பரீட்சைக்குப் படிக்கும்போது அவர் பாட்டு பொறுக்காமல் தரையில் காலால் உதைப்பாயே, நீ உதைத்தால் இன்னும் உரக்க எடுப்பாரே, அவர்தான். கடைசி மாதங்களில் நம் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். ‘என்னம்மா, உங்க வீட்டுப் படி மட்டும் வளந்துகிட்டே போகுது’ என்று சிரிப்பார், சிரிப்பு முடிவதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது ஏதாவது செய்கிற கட்டம் தாண்டியிருந்தது.

மாமாவின் கொள்கை உனக்குத் தெரியாததில்லை. அரசாங்கம் படுக்கையறைக்குள்ளயும் வரக்கூடாது, பட்டறைக்குள்ளயும் வரக்கூடாது என்பார். அதன் முதல் பாதியால்தான் நீ இன்று அங்கே இருக்கிறாய். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவரோடு வாழப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, கூடத்தில் உறவு மொத்தமும் ஆளுக்கொரு தீர்ப்போடு உட்கார்ந்திருக்க, ‘அவ வாழ்க்கை, அவ போறா, நீங்கல்லாம் யாரு, டிக்கெட் பரிசோதகரா?’ என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். இரண்டாவது பாதியோடுதான் எனக்கு எப்போதும் சண்டை. ‘வயசு வந்தவனுக்குத் தன் உடம்பைப் பாத்துக்கத் தெரியாதா, காலேஜ் உனக்குப் பயப்பட மட்டும்தான் சொல்லிக் கொடுத்துச்சா’ என்று கேலி செய்வார். பட்டறையில் விதி என்று எதுவும் கிடையாது, எல்லாம் அவரவர் இஷ்டம். சில வருடங்களுக்கு முன் சீக்கிரம் காயும் புது பெயின்ட் வந்தபோது, காற்றுக் குழாய் வைத்த முகமூடி ஒன்றையும் வாங்கி ஆணியில் மாட்டிவைத்தார். பாட்டுக்காரர் அதைப் போடவேயில்லை, போட்டால் பாட முடியாது. பாடுகிறவன் வாயை மூடச் சொல்ல நான் யார் என்று மாமா பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியம் எல்லாம் முடிந்தபின் நம் சமையலறையில் உட்கார்ந்து மாமா தாமாகவே சொன்னார். இந்தப் புகை நுரையீரலைத் தின்றுவிடும், அந்த முகமூடி இல்லாமல் ஒருநாளும் அடிக்க விடாதீர்கள் என்று பெயின்ட் கடைக்காரர் அப்போதே எச்சரித்திருக்கிறார். பாட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களாண்ணா என்றேன். ‘ஆணியிலதானே தொங்குச்சு, எதுக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்’ என்றார். பழைய பெயின்ட்டைக் கைக்குட்டை கட்டிக்கொண்டே காலமெல்லாம் அடித்தவர், எதைக் கேட்பார் சொல்.

தொழிலாளர் அதிகாரி வந்தார். முகமூடி கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார், கொடுத்தேன் என்றார் மாமா, அது பொய்யில்லை. கேட்காததைச் சொல்வது அவர் வழக்கமில்லை. பாட்டுக்காரரின் மனைவி மேலே வந்து கதவருகிலேயே நின்றாள். ‘அக்கா, அவரு திமிருல போடாம செத்தாருன்னு எழுதப்போறாங்களாம். எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதாம். தெரிஞ்சிருந்தா போட்டிருப்பாருக்கா, பல்லு புடுங்கவே அழுத மனுசன்’ என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அன்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். நீ கிளம்பியபோது அந்த ஊர்க் குளிரையும் தனிமையையும் பற்றி உன்னைப் பயமுறுத்தாத ஆளில்லை, நானும்தான். எல்லாம் கேட்டுவிட்டுப் போனாய், அது உன் முடிவு. பாட்டுக்காரர் எதையும் கேட்காமல் முடிவெடுத்தார், அதை முடிவு என்று எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை அதிகாரியிடம் போய் மாமா என்னிடம் சொன்னதைச் சொல்லப் போகிறேன். முதலில் மாமாவிடமே சொல்லிவிட்டேன். பெயின்ட் கரைக்கும் தின்னரில் கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, ‘உன் வாய், உன் இஷ்டம். இந்த வீட்டுல நான் யாரையும் தடுத்ததில்ல’ என்றார். கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பட்டறைக்குப் பூட்டுப் போட்டால் அவர் மாடியில் நாம் எந்த முகத்தோடு குடியிருப்பது என்று அப்பா கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை.

மாமா உன்னைக் கூப்பிட்டால் போனை எடு. என் பக்கம் பேசாதே, சண்டையும் போடாதே, உனக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான் என்பது இன்றைக்கும் மாறவில்லை. நீ வேலை செய்கிற இடத்தில் சுவரில் எது தொங்கினாலும் எதற்கு என்று கேள், கூச்சப்படாதே. நல்ல மூச்சோடு நீண்ட நாள் இருவரும் வாழவேண்டும்.

கீழே புதிதாக ஒருவர் பெயின்ட் அடிக்க வந்திருந்தார். முகமூடி அதே ஆணியில்தான். நேற்று நானே இறங்கிப்போய் அது எதற்கு என்று சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார், சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவரைத் தடுக்கவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா