முன்சீட்டு டிக்கெட்

சுருட்டை மாமா,

நலமா என்று கேட்டு எழுதிப் பழகிய கை, நீ கண்ணை மூடிய பிறகும் அதையேதான் எழுதப் பார்க்கிறது. நான் நலம்.

உன் சாவுக்குக்கூட விடுப்புத் தராத, நான் வேலை செய்யும் இந்த வெளிநாட்டு வீட்டு முதலாளி, இப்போது தானாகவே ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தந்திருக்கிறார். அதுவும் விமானத்தில் பணக்காரர்கள் காலை நீட்டிப் படுத்துப் போகிற முன்சீட்டு. அவர் அடிக்கடி பறந்து சேர்த்த பாயிண்டில் கிடைத்ததாம்.

டிரைவர் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, பின்சீட்டு டிக்கெட்டுலயே பல தரம் இருக்கு. அடிமட்ட விலையில எடுத்தா, எத்தனை பாயிண்ட் இருந்தாலும் முன்னால மாத்தித் தரமாட்டாங்க. இவரு விலை கூடுனதா எடுத்துல்ல மாத்தியிருக்காரு!”

“எனக்கா? துணி சோப்பு வாங்கவே மூக்கால அழுவாரே!”

“அதான் எனக்கும் புரியல. முன்சீட்டுக்குப் பெட்டி கூடுதலா கொண்டுபோக விடுவாங்க. பாத்துக்கக்கா.”

இன்று காலை முதலாளி பூட்டிய பெட்டி ஒன்றை என் கட்டில் அருகே வைத்தார். அங்கே இறங்கியதும் யாரோ வந்து வாங்கிக்கொள்வார்களாம். சாவி கேட்டேன்.

“உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?” என்று சிரித்தார். பெட்டி போகாவிட்டால் நானும் போக முடியாதாம்.

வருகிறேன் என்று நம் மகளிடம் சொல்லிவிட்டேன். உன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம். கீழே கார் ஹாரன் அடிக்கிறது. இந்தப் பெட்டியைத் தூக்கட்டுமா மாமா, இல்லை அவளை இன்னும் காக்க வைக்கட்டுமா?