இருமுடி இறக்காமல் போய்விட்டார்கள், மதினி

என்னைக் கேலி செய்ய இனி ஒரு ஆள் இல்லாமல் ஆக்கிவிட்டுப் போன மதினிக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடித்தோம். ஒரு பக்கம் உங்கள் படம், மறுபக்கம் வேத வசனம். அதற்குக் கீழே குடும்பத்தார் ஏதாவது எழுதலாம் என்று அச்சகக்காரர் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். ஒன்றும் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த இடம் பத்தாது. அதனால்தான் இப்படி ஊர் பார்க்க எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டு நிலவரம். மோட்டார் காயில் கட்டுகிற என் கடைக்குக் குறைவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நடவு முடிந்துவிட்டது. நான் வைக்கிற ரசத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அண்ணன் அதை ஒரு குறையும் சொல்லாமல் குடிக்கிறார். எனக்குப் பயமே அதுதான். உங்கள் ரசத்தில் உப்பு லேசாகக் கூடினாலும் வீட்டை இரண்டாக்கிய மனுஷன் அல்லவா அவர்?

சாமிமார் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீடு உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்கு நடந்து போகிற ஐயப்ப சாமிகள் நம் பழைய திராட்சை ஷெட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் லோயர் கேம்ப் வழியாக மலை ஏறுவார்கள். நாம் வேதக்காரர்கள், கோயில் மணி அடித்தால் ஜெபமாலையைக் கையில் எடுக்கிற குடும்பம். ஆனாலும் மாதம் பிறந்த அன்றே கறிச்சட்டி, மீன்சட்டி எல்லாவற்றையும் உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். கிறிஸ்துமஸ் பிரியாணிகூட அங்கேதான் வேகும். நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் நம் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

ஏசு பிறந்த அன்றைக்குக்கூட எங்களை அடுத்த வீட்டில் தின்ன வைக்கிறீர்களே என்று ஒரு வருஷம் சண்டைக்கு வந்தேன். "அவரே மாட்டுக் கொட்டத்துல எடம் கேட்டுப் பெறந்தவருதான் கொழுந்தனாரே. எடம் கேட்டு வந்தவுகளப் பத்தி அவருக்குத் தெரியும்" என்றீர்கள். 

சாமிகள் தலையில் சுமந்து வருகிற இருமுடியைத் தரையில் வைக்கக் கூடாது என்று என்னை நச்சரித்து, ஷெட்டின் உட்சுவரில் தலை உயரத்துக்குக் குழாயில் ஒரு தாங்கி பற்றவைக்கச் சொன்னீர்கள். அவர்கள் வாசலில் வந்து நிற்க, நீங்கள் குடத்தோடு போய் ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்ற, அதன் பிறகுதான் இருமுடி இறங்கும். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியவில்லை. நீங்கள்தான் ஏற்படுத்தியிருப்பீர்கள்.

ஐப்பசிப் பாதியில் போய்விட்டீர்கள். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்துவிட்டு வந்த அதே வாரம். அடுப்படியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, சும்மா வந்தது.

கார்த்திகை பிறந்தது. அண்ணன் ஷெட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, தொட்டியை நிரப்பி வைத்தார். கறிச்சட்டியை அவரே சுமந்துகொண்டு போய் உங்கள் தம்பி வீட்டில் கொடுத்தார். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாமிகள் வந்து நாலு சரணம் சொன்னால் மனுஷனுக்கு வாய் திறக்கும் என்று நினைத்தேன். அவர் பிழைத்துக் கிடப்பதே அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

யாரும் வரவில்லை மதினி. மாலை போட்டவர்கள் சாவு வீட்டில் தங்க மாட்டார்கள் என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. நம் வேதத்தில் அப்படி ஒரு தீட்டு இல்லையா, அதனால் நினைப்பில் வரவில்லை. முக்கில் இருக்கிற டீக்கடைக்காரர் வருகிற சாமிகளிடம் எல்லாம் பதமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? சொல்லாமல் விட்டால்தான் பாவம் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு கூட்டமும் நம் வாசலைத் தாண்டும்போது ரோட்டின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போனது. அண்ணன் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நம் கோயில் பங்குச் சாமியாரிடம் போனார். ஷெட்டின் தீட்டைக் கழித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சின்ன வயசுச் சாமியார், நல்ல மனசு. சாவு நமக்குத் தீட்டே இல்லை ஐயா, இல்லாததைக் கழிக்க என்னிடம் ஜெபம் ஏது என்று சொல்லிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

மார்கழிக் கடைசியில் சிவகங்கைக் குருசாமியிடமிருந்து போன் வந்தது. நீங்கள் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து வருஷம் தவறாமல் கூட்டத்தோடு வருகிற அதே பெரியவர். வீட்டில் எல்லாரும் சுகமா, வரலாமா என்று கேட்டார். "வாங்க சாமி, எல்லாம் இருக்கு" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

நான் சத்தம் போட்டேன். மறைத்துக் கூட்டி வருவது அவர்கள் விரதத்துக்குச் செய்கிற துரோகம் என்றேன். அண்ணன் முன்கூடத்தில் மாட்டியிருந்த உங்கள் படத்தைக் கழற்றினார். அதன் கீழே எரிகிற சின்ன பல்பைப் பிடுங்கினார். படத்தை அடுப்படியில் கிரைண்டர் மேல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "ஒரு ராத்திரிதான்லே" என்றார், அவ்வளவுதான். என் கை ஓங்கிவிட்டது மதினி. அடிக்கவில்லை. அண்ணனாகப் போய்விட்டார்.

சாயங்காலத் தூறலில் வந்து சேர்ந்தார்கள். டீக்கடை அன்றைக்குச் சாத்தியிருந்தது, அதனால் யாரும் சொல்லவில்லை. குருசாமி இளைத்துப் போயிருந்தார். கூட்டத்தில் ஒரு மாளிகைப்புரத்தம்மா, பெண் சாமியை அப்படித்தானே சொல்வோம், அவர் கால் இரண்டும் வீங்கி, செருப்பில்லாத பாதத்தில் துணி சுற்றியிருந்தது. எல்லாரும் இருமுடியைத் தலையில் வைத்தபடி ஷெட் வாசலில் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். தண்ணீர்க்குடத்துக்காக நிற்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆத்தா எங்க? சத்தத்தையே காணோம்" என்றார் குருசாமி.

"உள்ளதான் இருக்கா சாமி" என்றார் அண்ணன்.

"வரச் சொல்லுங்க. அந்தக் கையால தண்ணி ஊத்துனாத்தான எறக்க முடியும்."

அண்ணன் திரும்பி வீட்டுக்குள் போனார். குடத்தை எடுத்து வந்து தானே ஊற்றி, உங்களுக்குக் காய்ச்சல் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். வரவில்லை. சாமிகள் கழுத்து நோக நிற்கிறார்கள், தூறல் வலுக்கிறது. நான் உள்ளே ஓடினேன். அடுப்படியில் திருப்பி வைத்த படத்துக்கு முன்னால், படத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டார். அதட்டல் இல்லை, சாமிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்வீர்களே, அந்தப் பதத்தில்.

நான் அவர் தோளைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் நடந்து வாசலுக்குப் போய், குருசாமியிடம் நேராகச் சொன்னார்.

"செத்துப் போயிட்டா சாமி. ஐப்பசியிலயே போயிட்டா."

உங்கள் அடக்கத்தன்றுகூட அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்.

கூட்டத்தில் ஒரு இளவட்டச் சாமி, ஐப்பசி என்றால் நாள் கழிந்துவிட்டதே, தங்கலாம் குருசாமி என்றார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வீடா இருந்தா பதினாறுக்குக் கருமாதி செஞ்சு, தண்ணி எறச்சு, தீட்ட முடிச்சு விட்டுருவோம். உங்க வழக்கத்துல முடிக்கிற சடங்கே இல்லையே சாமி. முடிக்காத தீட்டுல நான் எப்பிடி இருமுடிய எறக்குவேன்?"

அண்ணன் தீர்த்தம் தெளித்ததைச் சொன்னார். உங்க சாமியாரு தெளிச்சது உங்களுக்குச் சரி என்றார் பெரியவர். அதில் குத்தல் இல்லை. இத்தனை வருஷமாக நம் சிலுவைக்குக் கீழே படுத்து எழுந்து போனவர் அவர். வேதக்காரர் வீடு என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நாம் இருக்கிறோம் என்பதில் அவருக்குத் தடையில்லை, நீங்கள் இல்லை என்பதில்தான் தடை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாமியார் சொன்னதும் நியாயம், குருசாமி சொன்னதும் நியாயம். ஒருவர் தீட்டே இல்லை என்கிறார், இன்னொருவர் அது முடியவே இல்லை என்கிறார். நடுவில் அண்ணன் நிற்கிறார்.

மாளிகைப்புரத்தம்மா ஷெட் வாசல் கல்லில் சாயப் போனார். "என்னால ஆகாது. எனக்குத் தீட்டு வந்தா வரட்டும், இங்கனயே கெடக்கேன்" என்றார். குருசாமி அவரைத் திட்டவில்லை, சும்மா பார்த்தார். அந்தம்மா ஒரு கையால் இருமுடியைப் பிடித்தபடி, மறு கையைச் சுவரில் ஊன்றி, தானே நிமிர்ந்து நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இவர்களுக்கு ஒரு இடம் வேண்டுமே.

போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் கட்டுகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். மண்டபத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். கடைசியில் தேங்காய் மண்டி ராவுத்தரைக் கூப்பிட்டேன். உங்களிடம் அடுப்புக்குச் சிரட்டை விற்பாரே, அவர்தான். நான் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் குடோனைக் கூட்டச் சொல்லிவிட்டேன், அனுப்பு என்றார். கம்பம் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம்தான்.

கிளம்பும்போது குருசாமி அண்ணன் பக்கத்தில் வந்தார், தொடவில்லை. "ஆத்தா கையில கஞ்சி குடிச்ச வாயி இது. மாலையோட துட்டி, துக்கம் கேக்கக்கூட எனக்கு விதியில்ல" என்றார். அவர் கண்ணில் இருந்தது தூறலா வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. முன்னால் நடந்தார். யாரும் சத்தமாகச் சரணம் சொல்லவில்லை. நம் வாசலைத் தாண்டி வாய்க்கால் பாலத்தில் ஒவ்வொருவராக நின்று தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வதை அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்மைக் கழுவிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்கு என்ன தோன்றியதோ.

சாமிகளுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல காய்ந்த குடோன், ஃபேன் போட்டுப் படுத்தார்களாம். ராவுத்தர் வீட்டிலிருந்து பால் போயிருக்கிறது. இனி வருஷா வருஷம் அங்கேயே தங்கச் சொல்லிவிட்டேன் என்று அவர் மறுநாள் சந்தோஷமாகச் சொன்னார். நன்றி என்றேன். ஒரு வருஷம் கழிந்தால் நம் வீட்டுக்கே வரலாம் என்று அந்த இளவட்டச் சாமி சொல்லிவிட்டுத்தான் போனார். வருஷம் கழியும், அது தானாகக் கழியும். அண்ணனுக்கு எது கழியப்போகிறது?

அன்றைக்கு அவர்கள் போன பிறகு நான் படத்தை எடுத்து மாட்டி, பல்பைச் சொருகினேன். அண்ணன் அதன் கீழே உட்கார்ந்தார். அப்புறம் என்னைக் கேட்டார்.

"ஏலே, கூப்பிட்டேன்ல. அவ இனிமே வர மாட்டாள்ல?"

மாட்டாக என்று சொன்னேன். வேறு என்ன சொல்லட்டும் மதினி? நீங்கள் இருந்தால் இதற்கும் ஏதாவது சாமர்த்தியமாகச் சொல்லியிருப்பீர்கள்.

அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிறார். வாசலில் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் போய் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அவரைத் தேற்றுவேன் என்றெல்லாம் உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த கார்த்திகைக்கு ஷெட்டில் ஆள் படுக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் செய்வேன். உங்களைக் கூப்பிட அவர் உள்ளே போகும்போதெல்லாம், என் கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, நானும் பின்னாலேயே போய் நிற்பேன். பதில் வராமல் போகிற அந்த நேரத்தில் அவர் தனியாக இருக்க மாட்டார்.

இங்கனயே இருக்கிற,
உங்கள் கொழுந்தன்