எல்லாருக்கும் பத்து வந்த நாள்

இயற்பியல் ஆய்வகத்து பீரோவை நேற்று ஒழித்தார்கள். அடித்தட்டிலிருந்து, துணிக்கடைப் பையில் சுற்றிய உன் குவிலென்சுகள் வந்தன. உன் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆசிரியர் ஒன்றை எடுத்துத் துடைத்துவிட்டு, "மேடம், இதோட குவியத் தூரம் பத்தா, பதினஞ்சா?" என்று கேட்டார். நான் வேதியியல்காரி, எனக்கென்ன தெரியும்? "ஜன்னல்கிட்ட கொண்டுபோயி அளந்து பாருங்க சார்" என்றேன். சொன்ன பிறகுதான், நீ சொல்லியிருக்க வேண்டிய பதில் அது என்று உறைத்தது.

பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாததல்ல. தூரத்து மரத்தின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, லென்சுக்கும் திரைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும்; அதுதான் குவியத் தூரம். நம் பிள்ளைகள் அளக்க மாட்டார்கள். நம் பள்ளி லென்சு பத்து சென்டிமீட்டர் என்று அக்கா தம்பிக்குச் சொல்லியிருப்பாள், தம்பி பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருப்பான். உனக்கு அது வயிற்றெரிச்சல். "மரத்தப் பாருங்கடான்னா என் மூஞ்சியப் பாக்குறானுங்கடி" என்பாய்.

ஒரு வருடம் மாதிரித் தேர்வுக்கு முன்னால், யாரிடமும் மூச்சுவிடாமல் பழைய லென்சுகளைப் பூட்டிவிட்டுப் பதினைந்து சென்டிமீட்டர் லென்சுகளை வைத்தாய். வகுப்பு மொத்தமும் பத்து என்று எழுதிக் கொடுத்தது. ஒன்பது புள்ளி ஒன்பது, பத்து புள்ளி ஒன்று என்று கூட்டிக் குறைத்து, சராசரி வேறு போட்டிருந்தார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

பவித்ரா மட்டும் பதினைந்து என்று எழுதி, அதை அடித்து, மேலே பத்து என்று போட்டிருந்தாள். லாரி ஓட்டுநர் மகள், வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"ஏன்டி அடிச்ச?"

"தப்பா வந்துடுச்சு மிஸ்."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் பத்து வந்துருக்குங்க மிஸ்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கே முடிவும் கட்டிவிட்டாய், இவளை சயின்ஸ் குரூப்பில் சேர்த்தே தீருவதென்று. மார்க்கை அள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கே பாடம் நடத்தி உனக்கு அலுத்திருந்தது. நிஜமாகப் பார்த்த ஒரே ஒரு பிள்ளை வேண்டும் உனக்கு. அந்த ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

பதினோராம் வகுப்புச் சேர்க்கையன்று அவள் மார்க் பத்தவில்லை. "ஃபெயிலானா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியர். "நான் சொல்றேன் சார்" என்று மேசையைத் தட்டாத குறையாக நின்றாய். அவரும் அலுத்துப்போய்ப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு வேணாங்க சார். காமர்ஸ் குடுங்க."

உன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெளியே வராண்டாவில் அவளை நிறுத்திக் கேட்டாய். அவள், கூட வந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சயின்ஸ்ல வந்தத எழுதுனா ஒத்துக்க மாட்டாங்க மிஸ். வரவேண்டியத எழுதணும். கணக்குப்பதிவியல்ல அப்புடி இல்லியாம். ரெண்டு பக்கமும் சமமா வரலன்னா எங்க விட்டோம்னு திரும்பத் தேடலாமாம், எங்க அக்கா சொன்னுச்சு."

அன்று மாலை பள்ளி முடிந்து அரியலூரிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் குன்னம் தாண்டிக்கொண்டிருந்தோம். "அவ தேடிப் போனதுதான்டி சயின்ஸு. நம்மகிட்ட இல்லன்னு வேற கடைக்குப் போயிட்டா" என்றாய். கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்; ஆறுதல் சொல்வது எனக்குக் கைவராத வேலை.

அடுத்த வருடத்திலிருந்து உன் ஆய்வகத்தில் எதையும் அடிக்கக் கூடாது என்றாய். வந்ததை எழுது, ஏன் அப்படி வந்தது என்று தேடு. நேரம் போகிறது, பாடம் முடியாது என்று ஆசிரியர் அறையில் முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு. நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடம்பு படுத்தி நீ லீவு போட்டு, திரும்பி வராமலே போன அந்தக் கடைசி வாரம் வரை அப்படித்தான் நடத்தினாய்.

போன வாரம் என் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு வந்த டைட்ரேஷன் அளவு எனக்கு வந்ததோடு ஒத்துப்போகவில்லை. "அடிச்சிட்டு மாத்தி எழுது" என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் அவன், "உங்களுதுதான் தப்பா இருக்கும் மேடம்" என்றான். திமிரைப் பார்! ப்யூரெட் குழாயைக் கரைசலால் அலசாமல் நிரப்பினான், அதில்தான் அளவு பிசகியது, நானே பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். மணியடிக்கிற நேரம் வேறு.

சொல்லவில்லை. அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்படி நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று ஒரு நாளாவது நீ என்னிடம் சொல்லியிருக்கலாமேடி.