நாளைக்குப் பேசப் போகிறவர்கள்

என் செல்ல மகளுக்கு,

நீதிமன்றம் உன்னை விடுவித்த அன்றே, சிறை வாசலில் வைத்து மறுபடியும் உன்னைப் பிடித்துப் போனதைப் பரிதி பார்த்துவிட்டாள். உனக்காக அவள் வாங்கிய கதம்பம் என் கையிலேயே வாடிப்போனது.

மன்னார்குடி பஸ்ஸில் திரும்பும்போது, "இப்ப அம்மா என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாள். குறுவை வயலில் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த வண்டியை நீ மறித்தது பழைய கதை. இனிமேலும் மறிப்பாய் என்பதற்காகத்தான் இப்போது அடைத்திருக்கிறார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வகுப்பில் பேசிய பிள்ளையை வெளியே நிறுத்துவோம். நாளைக்குப் பேசுவான் என்று இன்றைக்கே நிறுத்தினால் அதுதான் இது என்றேன். என் உதாரணங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும், உனக்குத் தெரியுமே.

நேற்று அவள் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வகுப்புத் தலைவியாம் இவள். டீச்சர் வருவதற்குள் மூன்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருக்கிறாள். ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாளாம்.

"என்னம்மா பண்ணாங்க அவங்க?"

"ஒண்ணும் பண்ணல தாத்தா. நாளைக்குப் பேசுவாங்க."

"எப்ப உள்ள விடுறதா இருந்த?"

"அத அவங்ககிட்ட சொல்லக் கூடாது. சொன்னா பயம் போயிடும்."

மயங்கி விழுந்தவள் அம்சத்தின் மகள். இப்போது தேவலாம். உன்னோடு வண்டியை மறித்து, உன்னோடே உள்ளே இருக்கிற அம்சத்திடம் இதை நீ சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா