ஐஸில் வைத்த குப்பி

இன்று மதியம் போனில் இடமில்லை என்று வந்தது. பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். அதில் நாற்பது நொடி வீடியோ ஒன்று சிக்கியது. திரை முழுக்கச் சாம்பல் நிற வட்டம், நடுவில் ஒரு துளிக் கூழ் போல ஓர் அமீபா. மைக்ராஸ்கோப்பில் போனை ஒட்டிவைத்து நீ எடுத்தது. முதல் பத்து நொடி அது அசையவே இல்லை. பிறகு ஒரு பக்கம் புடைத்தது. உடம்பு முழுவதும் அந்தப் புடைப்புக்குள் வழிந்து நகர்ந்தது. அப்போது உன் குரல்: "பாரு பாரு, கெளம்பிட்டா! ஏய் சட்னி, இங்க வாடீ!"

அழிக்கவா என்று போன் கேட்டது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் வழியே எங்கள் வேங்கிக்கால் தெரு வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைத் தவிர வேறு யாரும் என்னைச் சட்னி என்று கூப்பிட்டதில்லை. மூக்கு வழியாக மூளைக்குப் போய் ஆளைக் கொல்லும் அமீபா எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதானே நம் பல்கலைக்கழக லேபின் வேலை. நீ அதை உயிரோடு பார்ப்பவள். நான் அதையே கொத்துக்கொத்தாக அரைத்து, நகர்வதற்கு உதவும் புரதங்களைப் பிரித்தெடுப்பவள். "அது ஓடற அழகப் பாக்காம சட்னி அரைக்கிறா பாரு" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாய்.

அரைத்தது கெடாமலிருக்க என் மேசையில் எப்போதும் ஐஸ். எதைக் கையில் எடுத்தாலும் அடுத்த நொடி அது ஐஸுக்குள் போய்விடும். உன் மேசைக்கு ஐஸே ஆகாது. குளிர் பட்டால் அமீபா உருண்டையாகச் சுருண்டு நின்றுவிடும். நின்றுவிட்டால் அதற்கும் ரத்தத்தின் வெள்ளை அணுவுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். நகர்ந்தால்தான் ஆள் யாரென்று தெரியும். அதனால் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைக்குமுன் உறை போட்ட உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருப்பாய். "குளுருதுன்னா நீ கூடத்தான் எழுந்திருக்க மாட்ட" என்பாய்.

ஏரி, குளம் என்று தண்ணீர் எடுக்கப் போனாலும் அப்படித்தான். பாட்டில்களைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாய். ஒருமுறை செங்கம் ரோட்டுக் கடையில் நாம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் உன் மடியைப் பார்த்துத் தீர்த்தமா என்று கேட்டார். "ஆமாங்க, மூக்குல மட்டும் உட்டுக்காதீங்க" என்று தமிழிலேயே சொன்னாய். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் டீயைக் கொட்டிக்கொண்டேன்.

மாவட்டத்தில் பாதித் தண்ணீரைப் பார்த்துவிட்ட நீ, கீழ்பென்னாத்தூரில் உங்கள் நிலத்துக் கிணற்றில் மட்டும் ஒரு பாட்டில்கூட எடுத்ததில்லை. கேட்டதற்குச் சிரித்தாய். "அதுல ஏதாவது வந்துட்டா அப்பா மனசு ஒடஞ்சிடும்டீ. அப்பறம் நான் எங்க நீஞ்சறது?" நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதே உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் உனக்குக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி என்று உன் அப்பா போன் செய்தார். லேப் வண்டியில் வந்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது உன்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "ஞாயித்துக்கெழம கெணத்துல குதிச்சேன். மூக்குல ஏறிடுச்சு" என்றாய். பிறகு, யாரையோ விசாரிப்பது போல, "நம்ம ஆளா இருக்குமோ?" என்று கேட்டாய். நான் டாக்டரிடம் ஓடினேன். உன் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குப்பியில் கொடுத்து, "பாத்துட்டு உடனே சொல்லுங்கம்மா" என்றார். கிளம்பும்போது நீ கண்ணைத் திறக்காமலே, "கையிலயே எடுத்துனு போடீ" என்றாய். சரி என்றேன்.

சரி என்று சொன்ன வாய் இதுதான். ஆனால் வண்டியின் பின் சீட்டில் என் ஐஸ் பெட்டி இருந்தது. எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாகப் பெட்டியைத் திறந்தது, குப்பியை உள்ளே வைத்தது, மூடியது. அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய லேபுக்கு நாலு மணி நேரம் ஆனது. வழி முழுக்க உனக்காக வேண்டிக்கொண்டே போனேன். பின் சீட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் உருண்டை உருண்டையாக அணுக்கள் இருந்தன. எதுவும் அசையவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, "ஒண்ணும் நகரல சார், வெள்ளை அணு மாதிரிதான் இருக்கு" என்றேன். அவர் பாக்டீரியா காய்ச்சலுக்கான மருந்தையே தொடர்ந்தார். மறுநாள் காலை நம் லேப் சார் வந்து, நான் மறுபடியும் ஐஸில் வைத்திருந்த குப்பியைத் தொட்டார். "இது ஏம்மா இவ்ளோ சில்லுனு இருக்கு?" என்றார். அவர் சூடேற்றி வைத்த ஸ்லைடில், கொஞ்ச நேரத்தில், ஒரு பக்கம் புடைத்தது.

மருந்தை மாற்றினார்கள். அதற்குள் உனக்கு நினைவு போய்விட்டிருந்தது. மூன்றாம் நாள் நீயே போய்விட்டாய். "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பொழைக்கறவங்க ரொம்பக் கம்மிம்மா" என்று சார் சொன்னார், டாக்டரும் சொன்னார். ரொம்பக் கம்மி என்றால் யாருமே இல்லை என்று அர்த்தமில்லையே. அந்த ஒரு ராத்திரியை உனக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது எப்படிப் புடைக்கும், எப்படி வழியும், எந்த நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், எல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தோம் சொல்.

போன மாதம் உங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அது மூன்றாவது தடவை. முதல் இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்ப கெணறு நல்லாத்தான் இருக்குதாம்மா?" என்று உன் அப்பா கேட்டார். "கெடைக்கலப்பா. ஆனா இல்லன்னு சொல்ல முடியாது" என்றேன். "மூடிடலாம்னா மல்லாட்டப் பயிர் இருக்குது, அதுக்கு இதுதான் தண்ணி. நீ படிச்ச பொண்ணு, நீயே ஒரு வார்த்த சொல்லேம்மா" என்றார். ஐஸ் பெட்டியைப் பற்றி அப்போதாவது சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவர், "நீ கூட இருந்து ஓடியாடிப் பாத்தியே, அது போதும்மா" என்று சொல்லி, பை நிறைய மல்லாட்டைக் கடலையைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டு வாங்கிக்கொண்டேன்.

பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். லேபில் ஸ்லைடை உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுப் பார்த்தேன். அந்தத் தடவையும் எதுவும் நகரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போவேன், உன் அப்பா மறுபடியும் கேட்பார்.

உன் வீடியோவை அழிக்கவில்லை. இப்போதெல்லாம் யாருடைய குப்பியையும் கையிலேயே கொண்டுபோகிறேன், போய்ச் சேரும்வரை கையைத் திறப்பதில்லை. உன்னுடையது ஒன்றைத்தான் குளிர வைத்துவிட்டேன்.