சீசனுக்கு வந்தவர்களின் வீடு

அண்ணாச்சி,

முன்கட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த நெடி பின்கட்டு அடுப்படி வரை வந்து, கொதிக்கிற ரசத்தின் வாசனையையே தின்றுவிட்டது. உங்களிடம் கேட்க வேண்டியதை இனி எழுதத்தான் முடியும்.

மேலகரத்து இந்த வீட்டை உங்கள் அப்பா ஒரு பண்ணையாரிடம் வாங்கினார். முதலில் குடியிருந்தவர் எண்ணெய் காய்ச்சும் வைத்தியர். அவர் விட்டுப்போன கறை, எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரில் மேலே வந்துவிடும். அது கிடக்கட்டும். அவருக்குப் பிறகு நானும் என் புருஷனும் வாடகைக்கு வந்தோம்.

அருவியில் சாரல் சீசன் தொடங்கினால் வந்து நிற்பீர்கள். "ரெண்டு மாசம் பின்கட்டுக்குப் போயிரு தங்கச்சி. சீசனுக்கு ஆள் வருதாவ." பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவோம். கடைசி ஏழு வருஷமும் வந்தது பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரியின் குடும்பம்தான். வியாபாரியின் மனைவியை மதினி என்று கூப்பிடுவேன்; அவருக்கு அருவியில் குளித்து வந்ததும் சுக்குக் காப்பி வேண்டும். விருந்தாளி என்று போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் காலமான மறுமாதம், சீசன் இல்லாத நாளில், மதினி பெயிண்டரோடு வந்தார்.

"என்ன மதினி, இப்ப வந்திருக்கிய?"

"எங்க வீட்டுக்கு வர நாள் பாக்கணுமாக்கும்?" என்று சிரித்தார். நான் முழித்ததும் சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி சொல்லலியா? நாங்க வாங்கி ஏழு வருசமாச்சே. ஒங்களக் காவலுக்கு வச்சிருக்கதா சொன்னாவ."

"மாசாமாசம் வாடக குடுத்தேனே!"

"காவலுக்கு இருக்கவங்ககிட்ட யாரு வாடக வாங்குவா?"

நீங்கள் வாங்கினீர்கள், அண்ணாச்சி. என் புருஷன் இறந்த மாதம் மட்டும் வேண்டாம் என்றீர்கள். அதை ஊரெல்லாம் சொல்லி உங்களைப் புகழ்ந்தேன்.

"இனியும் காவலா இருங்க, வாடக ஒண்ணும் வேண்டாம்" என்றார் மதினி. நல்ல மனுஷிதான். ஆனால் தெரியாமல் காவல் காத்த ஏழு வருஷம் எனக்குப் போதும்.

குத்துக்கல்வலசையில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். சொந்தக்காரருக்கு உங்கள் வயசிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான், "பத்திரம் யார் பேருல இருக்கு, காட்டுங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "என்னப் பாத்தா களவாணி மாதிரியா இருக்கு?"

"இல்ல. ஆனா காட்டுங்க."

யாரையும் அப்படிக் கேட்டறியாதவள் நான். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, தரையையே பார்த்து நின்றேன். இனி எந்த வாசலிலும் கேட்காமல் இருக்க முடியாது.